ஒன்பது வாத்துக் குஞ்சுகளும் ஒரு மச்சானும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு பண்ணை மாத இதழ், 'வீட்டில் வாத்துக் குஞ்சு வளர்க்க எட்டு வழிகள்' என்று கட்டுரை கேட்டது. வாத்தை நான் சாலையோரத்தில் பார்த்ததோடு சரி. ஆனாலும் ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன். முதல் வழி: சூடு வேண்டும். இரண்டாவது வழி: நொய்யைக் குழைய வேகவைத்துக் கொடுக்க வேண்டும். மூன்றாவது வழிக்கு வரும்போது ஹில்டா என்றொரு பெண் எங்கிருந்தோ வந்து காகிதத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். கட்டுரை அத்தோடு போயே போச்சு.

2

முதல் தொடக்கம்: 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கு. தூத்துக்குடிக் கடல் அமைதியாக' (வேண்டாம். அது அமைதியாக இருந்தால் எனக்கென்ன, இல்லாவிட்டால் எனக்கென்ன?)

இரண்டாம் தொடக்கம்: 'ஹில்டாவுக்குப் பின்னால் ஒன்பது வாத்துக் குஞ்சுகளும் வரிசையாக மாதா கோயிலுக்குள் நுழைந்தபோது, சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டார்.' ஆங், இது தேவலை!

நடந்தது இதுதான். ஹில்டா சாயர்புரம் சந்தையில் பன்னிரண்டு வாத்து முட்டை வாங்கி, வீட்டு அடைக்கோழிக்கு வைத்தாள். இருபத்தெட்டாம் நாள் ஒன்பது பொரித்தன. அந்தத் தட்டை மூக்குகளைப் பார்த்த கோழி, 'இது நம்ம சரக்கில்லை' என்று கூரையேறியதுதான், இறங்கவே இல்லை. குஞ்சுகள் ஹில்டாவை அம்மாவாக்கிக்கொண்டன. குழாயடிக்குப் போனால் குழாயடி. பூசைக்குப் போனால் பூசை. கோயிலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது அவளுக்குக் காது சிவந்தது. உள்ளுக்குள் என்ன பெருமை தெரியுமா! முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

3

இப்போது அவள் புருஷன் சிலுவை. முதல் வரைவில் இவனைக் குடிகாரனாக எழுதியிருந்தேன். குடித்துவிட்டு எவன் ஆழக்கடலில் சங்கு குளிப்பான்? அடித்துவிட்டேன். இவன் நல்லவன், வாய்தான் கொஞ்சம் நீளம்.

சங்கு குளிப்பவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவான். மூச்சு முட்டினால் கயிற்றைச் சுண்டுவான், தோணியில் இருப்பவன் தூக்குவான். அந்தக் கரையில் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள். அசந்தால் அறுவது சொந்தத் தங்கச்சி தாலி. அதனால் அசரமாட்டான் என்ற கணக்கு.

ஹில்டாவின் அண்ணன் கஸ்பார் மூன்று பருவம் சிலுவைக்குக் கயிறு பிடித்தான். போன வருஷம் வந்தது வினை. அடிமணலில் ஒரு வலம்புரிச் சங்கைத் தொட்டுவிட்டதாகவும், அந்த நேரம் பார்த்துக் கஸ்பார் தன்னை மேலே தூக்கிவிட்டதாகவும் சிலுவை சத்தியம் செய்தான். லட்சத்தில் ஒன்று கிடைக்கிற சங்கு அது.

"நான் சுண்டவே இல்ல வேய்! கைக்கு வந்ததக் கெடுத்துட்டீரே!"

"நீரு சுண்டுனீரு, நான் தூக்குனேன்."

அன்றோடு பேச்சுவார்த்தை இல்லை. இப்போது சிலுவையின் கயிற்றைப் பிடிப்பவன் ஒரு கூலியாள், உட்கார்ந்தபடியே தூங்குகிறவன். தோணி கரைக்கு வரும்வரை ஹில்டாவுக்கு உயிர் உயிராக இருக்காது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தக் கயிறு மறுபடி அண்ணன் கைக்குப் போக வேண்டும்.

4

அந்த ஞாயிறு, பூசை முடிந்ததும் சிலுவைக்கு உற்சாகம் தாங்கவில்லை. "சங்கு குளிக்கவன் வீட்டுக் குஞ்சு கரையில நிக்கவா? கொண்டா ஏளா, கடல்ல விடுவோம்!"

ஹில்டாவுக்குச் சட்டென்று புத்தி வேலை செய்தது.

"விடும். ஆனா ஒவ்வொண்ணு இடுப்புலயும் கயிறு கட்டணும். கயிறப் பிடிக்க தாய்மாமன் வரணும்."

"வாத்துக்கு யாரு ஏளா தாய்மாமன்?"

"அம்மான்னு என் பின்னாலதான வருது? அப்ப எங்க அண்ணன்தான். குளிக்க ஆளுக்கு மச்சான், குஞ்சுக்குத் தாய்மாமன்."

சிலுவை மச்சானுக்கு ஆள் அனுப்பினான். நியாயத்தில் ஓட்டை இல்லை.

(அடிக்குறிப்பு, அதாவது கட்டுரையின் மூன்றாவது வழி: தாய் வாத்து இல்லாமல் வளரும் குஞ்சை ஆரம்பத்தில் நீரில் விடவே கூடாது. தாயின் இறகிலிருந்து ஒட்டும் எண்ணெய் இல்லாததால் பஞ்சுபோல் ஊறி, விறைத்துச் செத்துவிடும். கட்டுரைக்காகப் படித்ததில் எனக்குத் தெரிகிறது. கடலைக் கரைத்துக் குடித்த அந்த மூன்று பேருக்கும் வாத்தைப் பற்றி மண்ணும் தெரியாது. ஏளா ஹில்டா, வேண்டாம் தாயே! கேட்டால்தானே?)

5

கஸ்பார் வெள்ளைச் சட்டையில் வந்தான், சிலுவையின் முகத்தைப் பார்க்காமல். ஒன்பது வலைநூல், ஒன்பது விரல். பத்தாவது விரலால் மூக்கைச் சொறிந்துகொண்டான். சிலுவை முழங்கால் ஆழத்தில் நின்று குஞ்சுக் கூடையைக் கவிழ்த்தான்.

அடடா, மிதந்தனவே! கரையில் ஒரே கைதட்டல். ஹில்டா குதித்தாள். சிலுவை, "பாத்தியா! பாத்தியா!" என்று

(இந்த வாக்கியத்தை முடிக்க விடவில்லை கஸ்பார்.) ஒன்பது நூலையும் ஒரே இழுப்பாக இழுத்தான். குஞ்சுகள் மணலில் குவியலாக வந்து விழுந்தன.

"வேய்! இப்பத்தான நீந்துச்சு! ஏதாவது ஒண்ணு சுண்டுச்சா?"

"இல்ல."

"பின்ன என்னத்துக்குத் தூக்குனீரு?"

"எனக்கு மனசு கேக்கல, மாப்ள."

ஹில்டா ஓடிப்போய் அள்ளினாள். தொப்பலாக நனைந்து, வெடவெடவென்று நடுங்கின. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. மடியில் ஐந்தைப் போட்டுக்கொண்டு, இரண்டைப் புருஷன் கையிலும் இரண்டை அண்ணன் கையிலும் திணித்தாள். "தேயுங்க! ரெண்டு பேரும் தேயுங்க!"

தேய்த்தார்கள். சிலுவை தலை நிமிராமல் கேட்டான்: "அன்னைக்கு?"

"அன்னைக்கும் நீரு சுண்டல. உள்ள போயி ரொம்ப நேரமாச்சு. இவ மொகம் கண்ணுல வந்துச்சு. தூக்கிட்டேன்."

ஹில்டாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. பாவி அண்ணன்! இதைச் சொல்ல ஒரு வருஷமா?

6

முடிவு ஒன்று: சிலுவை அடிக்கக் கை ஓங்குகிறான். (ஓங்க முடியாது. கைக்கொரு குஞ்சு.)

முடிவு இரண்டு: கட்டிப்பிடித்து அழுகிறார்கள். (நசுங்கிவிடும்.)

முடிவு மூன்று: ஒரு குஞ்சு சாகிறது. இது இலக்கிய நண்பர் ஒருவரின் யோசனை. அவரோடு இப்போது நான் பேசுவதில்லை.

எனக்குக் கேட்டது இவ்வளவுதான். சிலுவை உள்ளங்கைக் குஞ்சின்மேல் வாயால் ஊதிக்கொண்டே சொன்னான்: "அது வலம்புரிதான் வேய்."

"இருக்கும்."

"நாளைக்கு வெள்ளன தோணி போவுது. நேரத்தோட வாரும். ஆனா நான் சுண்டாம தூக்கப்பிடாது."

"தூக்குவேன்," என்றான் கஸ்பார்.

இதற்குச் சிலுவை என்ன பதில் சொன்னான் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அடிமணலில் கிடந்தது வலம்புரியா, வெறும் சங்கா என்பதையும் உங்கள் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம். நான் இறங்கிப் பார்க்கவில்லை. குஞ்சுகள் மட்டும் ஒன்பது. அதில் யாரும் கைவைக்கக் கூடாது.