சற்றுமுன் இடிந்த பாலம்

அந்த ஆண்டில் மட்டும் வெல்டர் பத்து முறை இறந்தார். பத்து முறையும் ஒரே பாலத்திலிருந்து விழுந்து. பாலம் உண்மையில் இடிந்ததும், அதில் வேலை செய்துகொண்டிருந்த அவர் விழுந்து இறந்ததும் ஆறு ஆண்டுகளுக்கு முன்பு. செய்தி வறண்ட நாள்களில் தொலைக்காட்சி நிலையத்தின் துணை ஆசிரியர் பழைய காட்சியை எடுத்து, மூலையிலிருந்த தேதியை அழித்து, "சற்றுமுன்" என்ற சிவப்புப் பட்டையை ஒட்டுவார். அது அலுவலக வழக்கம். அதில் யாருக்கும் வஞ்சம் இல்லை. பட்டை ஒட்டப்பட்டதும் வெல்டர் தம் வீட்டுச் சமையலறையில் வந்து நிற்பார். சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார். அங்கே புதிய பாலம் எழுந்து நான்காண்டு ஆகியிருந்தது. ஆயினும் செய்தி ஓடும் கால் மணி நேரம் பழைய பாலமே நின்றது, இடிந்தது. ஓட்டுநர்கள் வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருக்கப் பழகினர்.

முதல் இரு முறை தெருவே கூடி அழுதது. மூன்றாம் முறை எதிர்வீட்டுக்காரர் சன்னலிலிருந்தே, "என்னம்மா, மறுபடியுமா?" என்று கேட்டதோடு சரி. பிணவறைக் காவலர் துணியை விலக்குவதையே நிறுத்திவிட்டார்: "பாக்கணுமாக்கா? அதே ஆளுதான். கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க." மனைவியிடம் அழுகை தீர்ந்து அலுப்பு மட்டுமே எஞ்சியிருந்தது. ஆனால் ஒவ்வோர் ஒளிபரப்பிலும் காட்சி மங்கியதைப் போலவே வெல்டரும் மங்கினார். எட்டாம் முறை அவர் குரல் உதட்டசைவுக்குப் பின்தங்கி வந்தது. பத்தாம் முறை, பள்ளிச் சீருடையில் நின்ற மகளைப் பார்த்து, "இந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டுவிட்டுப் போய் இறந்தார்.

மறுநாள் மனைவி நிலையத்துக்குச் சென்றார்.

"தம்பி, பாலம் விழுந்த தேதியப் போடுங்க. அது போதும்."

"தேதி போட்டா யாரு பாப்பாங்கக்கா?"

"பத்துத் தடவ செத்துட்டார். மிச்சமிருக்கற முகத்தோடயாவது அவரப் படுக்க விடுங்க."

துணை ஆசிரியர் அவரை ஏறிட்டுப் பார்க்காமலே தட்டச்சு செய்தார். காலையிலிருந்து நாற்பது பழைய காட்சிகளுக்குப் பட்டை ஒட்டிய விரல்கள் அவை. தேதி தட்டிப் பழகாதவை. நாளும் மாதமும் சரியாக விழுந்தன. ஆண்டு மட்டும், இன்னும் வராத ஒன்றாக, முப்பது ஆண்டு தள்ளி விழுந்தது. அதைச் சேமித்துப் பழைய பிரதியை அழித்தார்.

இரு வாரம் கழித்து அது ஓடியது. வெல்டர் சமையலறையில் நின்று டப்பாவுக்குக் கை நீட்டினார். மனைவி திரையின் மூலையிலிருந்த ஆண்டை இருமுறை படித்தார்.

"நேரமாச்சு, குடு."

"இன்னைக்குப் போக வேணாம். உக்காருங்க."

"அப்ப எப்போ?"

"அதுக்கு இன்னும் நெறைய நாள் கிடக்கு."

வெல்டர் நம்பாமல் சற்று நின்றார். பிறகு பூட்ஸைக் கழற்றினார். புதிய பாலத்தில் வண்டிகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. நிலையம் தவற்றைக் கவனிக்கவில்லை. திருத்தம் வெளியிடும் வழக்கமும் அதற்கு இல்லை. பார்வையாளர் எவரும் தேதியைப் படித்துக் கேள்வி எழுப்பியதாகவும் தெரியவில்லை. மாலையில் மகள் வந்தபோது அவர் நாற்காலியில் வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்தார். அவள் மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு, வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தாள்.