ஊட்டு ஆளுக்கு டிப் இல்லை

அனுப்பர்பாளையத்தில் வேல்குமார் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் போக்கர் நடக்கும். இரண்டு வருடமாக அங்கே சீட்டுப் போடுகிறவள் நான். ஆடத் தெரியும், ஆனால் ஆடுவதில்லை. ஏற்றுமதிக்குப் போகாமல் நின்றுபோன பச்சை ஃப்ளீஸ் துணியைத்தான் மேசைக்கு விரித்திருந்தார்கள். சீட்டைத் தாழ்வாகத் தள்ளினால் எதிர்முனை வரை போகும். கொஞ்சம் உயர்ந்தால் நடுவிலேயே புரண்டு முகத்தைக் காட்டிவிடும். அந்தக் கைவாகு வர எனக்கு ஒரு மாதம் ஆனது.

எனக்கு முன்னால் மோகன்ராஜ் போட்டுக்கொண்டிருந்தான். பனியன் கம்பெனி செக்கிங்கில் வேலை செய்தவன், எங்கள் தெருக்காரன். வேல்குமார் ஒருமுறை கோவா போய்விட்டு வந்தபோது பணத்துக்குப் பதில் வைத்தாடும் சிப் பெட்டியோடு அங்கிருந்த முறைகளையும் கொண்டுவந்திருந்தார். ஜெயித்தவர், சீட்டுப் போடும் டீலருக்கு டிப்பாக ஒரு சிப் வைக்க வேண்டும். எறியக் கூடாது, கைப்பக்கமாக நகர்த்தி வைக்க வேண்டும். டீலர் அதை மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நன்றி சொல்ல வேண்டும். வேண்டாம் என்று மட்டும் சொல்லக் கூடாது, அது ஜெயித்தவரை அவமதிப்பது. வீட்டு ஆட்கள் சீட்டுப் போட்டால் டிப் கிடையாது. வீட்டு ஆளைக் கூலிக்கு வைத்த மாதிரி ஆகிவிடும் என்பார் வேல்குமார்.

மோகன்ராஜ் சாமளாபுரத்தில் தறி ஓட்டப் போய்விட்ட பிறகு, ஒரு ஞாயிறு தமிழ்செல்வன் என்னை அங்கே கூட்டிப்போனான். தமிழ்செல்வன் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் முதலாளி மகன். என் அப்பா மாரப்பன் அவர்களுடைய தோட்டத்தில் ஆள்வேலை செய்தவர். இதற்கு மேல் எங்கள் கதையை யாருக்கும் விளக்க வேண்டியிருந்ததில்லை.

அன்று முதல் ஆட்டத்தில் ஜெயித்த வேல்குமார் பழக்கத்தில் ஒரு சிப்பை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். தமிழ்செல்வன் குறுக்கே கையை வைத்து மறித்தான்.

"இதெல்லாம் வேண்டாம் மாப்ள. தேவி நம்ம ஊட்டு ஆளு."

வேல்குமார் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அப்படிச் சொல்லு. ஏனுங்க தேவிப்பிரியா, நாங்க கேக்காமயே ஒப்புத்துக்கறான் பாருங்க."

நாங்கள் பழகிய நாலு வருடத்தில் அவன் என்னைப் பற்றி நாலு பேர் முன்னால் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான். கம்பெனியில் நான் அவனை சார் என்பேன். கோயிலுக்குப் போனால் தனித்தனியாக நின்று கும்பிடுவோம். இந்த மாடியில் மட்டும், ஒவ்வொரு ஆட்டமும் முடிந்து சிப்புகள் ஜெயித்தவர் பக்கம் போகும்போது என் முன்னால் துணி வெறுமையாகக் கிடக்கும். அந்த வெறுமையை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். மற்ற பெண்களுக்குக் கழுத்தில் ஏதாவது இருக்கும். எனக்கு அது இருந்தது.

போன வாரம் அவன் அம்மாவிடம் பேசுவதாகச் சொல்லியிருந்தான். அவனாகவே நாள் குறித்தான். புதன்கிழமை அப்பா கோயமுத்தூர் போகிறார், அம்மா தனியாக இருப்பார், அன்றைக்கு உன் பேரைச் சொல்லிவிடுகிறேன் என்றான். அவன் அம்மா தெய்வாத்தாள் கத்துவார், சாப்பிடாமல் படுப்பார் என்று எல்லாவற்றுக்கும் என்னைத் தயார்ப்படுத்தியிருந்தான். புதன்கிழமை ஒரு செய்தியும் வரவில்லை. வியாழன், வெள்ளி அவன் கம்பெனிக்கு வரவில்லை. சனிக்கிழமை, 'நேரா வேலு வீட்டுக்கு வந்துரு, நான் வந்தர்றேன்' என்று மட்டும் அனுப்பினான். எதுவாக இருந்தாலும் நேரில் சொல்லத்தான் வரச்சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு ஞாயிறு பஸ் ஏறினேன்.

மாடியில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, ஐம்பத்தைந்து வயதிருக்கும். நூல் ஏஜெண்ட், பேர் சாமியப்பன், அவிநாசியிலிருந்து வருகிறார் என்று வேல்குமார் சொன்னார். தமிழ்செல்வன் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரை மாமா என்றான். எங்கள் பக்கம் எல்லோரும் எல்லோரையும் மாமா என்பதுதான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. நான் போட்ட சீட்டைப் பார்த்தான், சிப்பைப் பார்த்தான். அவன் விரல்களைப் படித்துப் பார்த்தேன். அம்மா ஒத்துக்கொண்டிருந்தால் இந்த விரல்கள் இப்படி இருக்குமா, மறுத்திருந்தால் எப்படி இருக்கும் என்று.

"ஏம்ப்பா வேலு, துணி நம்ம ரிஜெக்ட் லாட்டு மாதிரி இருக்குது" என்றார் சாமியப்பன்.

"ரிஜெக்ட்டே தானுங்க மாமா. வெள்ளைக்காரன் வேண்டாம்னதுல நாம சுகமா உக்காந்து ஆடறோம்."

"ஆடு, ஆடு. அடுத்த ஆர்டர்ல பெட்ஷீட்டையும் இதுலயே தெச்சுக்கோ."

நாலாவது ஆட்டத்தில் சாமியப்பன் ஜெயித்தார். சிப்புகளை இரண்டு கையாலும் வாரிக்கொண்டவர் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு தயங்கினார்.

"ஏனுங்க, சீட்டுப் போடற பொண்ணுக்கு ஒண்ணும் வெக்கறதில்லீங்களா இங்க? எங்க பக்கம் ஆடற எடத்துல, ஜெயிச்சவன் வெக்காம எந்திரிச்சா மூஞ்சிய ஒரு மாதிரிப் பாப்பாங்க."

வேல்குமார் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு தமிழ்செல்வனைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வர வேண்டிய வாக்கியம் எனக்குத் தெரியும். அதற்காக என் முகம் முன்கூட்டியே கொஞ்சம் சிரித்தும்விட்டது.

"வெக்கறதுதானுங்க மாமா" என்றான் தமிழ்செல்வன். "நாங்கதான் மறந்து போறது."

அவன் தன் முன்னால் இருந்த அடுக்கிலிருந்து ஒரு பச்சைச் சிப்பை எடுத்து என் இடது கைக்குப் பக்கத்தில் வைத்தான். எறியவில்லை. முறைப்படி நகர்த்தித்தான் வைத்தான். அவன் அந்த ஆட்டத்தில் ஜெயித்திருக்கவும் இல்லை.

நான் அதை விளையாட்டு என்று நினைத்தேன். இப்போது யோசிக்கும்போது உடம்பு கூசுகிறது. அம்மாவிடம் பேசியாகிவிட்டது, எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது, அந்தச் சந்தோஷத்தில் என்னைச் சீண்டுகிறான் என்று ஒரு கணம் முழுதாக நம்பினேன். சிப்பை அவன் பக்கமே திருப்பித் தள்ளினேன்.

"நமக்குள்ள எதுக்கு இதெல்லாம்" என்றேன்.

சாமியப்பன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கணக்கு ஓடியது. தமிழ்செல்வனின் காதோரம் சிவந்தது.

"வெச்சுக்குங்க" என்றான். "டீலருக்கு வெக்கறதுதான் முறை. திருப்பித் தரக்கூடாதுங்க."

என்னிடம் அவன் கம்பெனியில்கூட அந்தக் குரலில் பேசியதில்லை. கூலிக்கு வந்த பெண்ணிடம் பேசும் மரியாதையான குரல். சிப் மறுபடி என் கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நான் அதை எடுத்து விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"நன்றிங்க" என்றேன்.

சாமியப்பன் தன்னுடையதையும் வைத்தார். "அப்படித்தான் கண்ணு. நல்லா போடற." அதற்குப் பிறகு ஜெயித்தவர்கள் எல்லோரும் வைத்தார்கள். வேல்குமார் வைக்கும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டீக்கு நிறுத்தியபோது நான் கீழே போனேன். வேல்குமாரின் மனைவி அமராவதி அக்கா சமையலறையில் வடிகட்டிக்கொண்டிருந்தார். மேலே வந்து தட்டு எடுத்தபோது என் முன்னால் இருந்த சிப்புகளை அவர் பார்த்துவிட்டார் என்று தெரியும்.

"அந்த சாமியப்பன் யாருங்க்கா?" என்று கேட்டேன்.

அவர் பாத்திரத்தைக் கீழே வைத்தார். "உன்றகிட்ட சொல்லலையா அவன்?"

"இல்லீங்க."

"அவனுக்குப் பாத்த பொண்ணுக்குத் தாய்மாமன். புதங்கெழமை உறுதி பண்ணீட்டாங்க கண்ணு. மாப்பிள்ளை எப்படி, சேர்க்கை எப்படின்னு பாக்கத்தான் அந்தாளு இன்னைக்கு வந்திருக்கறதே." டம்ளர்களை எடுத்து வைத்தபடி, "உனக்குத் தெரிஞ்சுதான் வந்திருக்கீன்னு நெனச்சேன். எத்தனை கல்லு நெஞ்சு இந்தப் பொண்ணுக்குன்னு நெனச்சேன்" என்றார்.

புதன்கிழமை. என் பேரைச் சொல்வதாக இருந்த நாள்.

என் தோளைத் தொட வந்த கையை அவரே இழுத்துக்கொண்டார். "முடியலீன்னா போயிரு. நான் தலைவலின்னு சொல்லிக்கறேன்."

போயிருக்கலாம். ஆனால் பாதியில் எழுந்து போனால் சாமியப்பன் கேட்பார், யாராவது ஏதாவது சொல்வார்கள், அவனுக்குக் கஷ்டமாகிவிடும் என்றுதான் முதலில் தோன்றியது. அப்போதும் அவனுக்காகத்தான் யோசித்திருக்கிறேன். நாலு வருடம் அவனைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதையே வேலையாகச் செய்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும். மேலே போய் உட்கார்ந்து சீட்டைக் கலைத்தேன். ஒரு சீட்டும் புரளவில்லை. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு தட்டு, ஒரு நன்றிங்க. மோகன்ராஜ் இந்த நாற்காலியில் உட்கார்ந்து இதைத்தான் செய்தான். எங்கள் தெருவிலிருந்து வந்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு. அவன் ஒருநாளும் இதற்காகத் தெருவில் தலைகுனிந்து நான் பார்த்ததில்லை. அவனை யாரும் ஊட்டு ஆளு என்று சொல்லியிருக்கவில்லை.

ஐந்து மணிக்கு முடித்தார்கள். வேல்குமார் என் சிப்புகளை வாங்கிக்கொண்டு பணத்தை நீட்டினார். மெதுவாக, "வேண்டாம்னா வெச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது. வேண்டாம் என்பது வீட்டு ஆள் சொல்வது.

தமிழ்செல்வன் படிக்கட்டில் பின்னாலேயே வந்தான். சாமியப்பன் மேலே கைகழுவும் சத்தம் கேட்டது. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"தேவி. தப்பா எடுத்துக்காத. அந்தாளு முன்னால வேற எப்படி..."

"உங்கம்மாகிட்ட என் பேரச் சொன்னயா?"

அவன் கைப்பிடிச் சுவரைத் தடவினான்.

"ஒண்ணுதான் கேக்கறேன். சொல்லி அவங்க வேண்டாம்னாங்களா?"

"ஜாதகத்தோட வந்து உக்காந்துட்டாங்க. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. சொல்றதுக்கு எடமே வரலை தேவி."

நான் எத்தனையோ பதிலுக்குத் தயாராகியிருந்தேன். தெய்வாத்தாள் அம்மாவின் கத்தல், கண்ணீர், சாபம் எல்லாவற்றுக்கும். என்னை வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் என் பேராவது ஒரு தடவை அந்த வீட்டுக்குள் கேட்டிருக்கும். அதுகூட நடக்கவில்லை. அந்த வீட்டில் யாரும் என்னை மறுக்கவில்லை. அங்கே நான் இருந்ததே இல்லை.

"டிராப் பண்ணட்டுமா?" என்றான்.

"மாமா காத்திருப்பாருங்க" என்றேன்.

பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி நல்லூர் பஸ் மாறினேன். ஞாயிறு என்பதால் கூட்டம் இல்லை. முன் சீட்டில் இரண்டு இந்திக்காரப் பையன்கள் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வீடு போய் அம்மா கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. என் வீட்டிலும் அவன் பேரை நான் சொன்னதில்லை. இது அப்போதுதான் உறைத்தது. அவன் சொல்லிவிட்டு வந்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன்.

வேல்குமாரிடமிருந்து செய்தி வந்தது. 'இன்னைக்கு நடந்ததுக்கு வருத்தமுங்க. அடுத்த வாரம் வருவீங்களா? நீங்க இல்லீன்னா ஆளில்லை. முறைப்படி எல்லாரும் வெச்சர்றோம்.'

நல்ல மனிதர். எனக்கு ஒரு வழி செய்துகொடுப்பதாக நினைத்திருப்பார்.

யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். நான் யோசித்தேன். போகலாமா என்று யோசித்தேன். போனால் ஞாயிறு மூன்று மணி நேரம் அவன் எதிரில் இருப்பான். அவன் பக்கம் சீட்டைத் தள்ளலாம். ஜெயித்தால் ஒரு சிப் நகர்த்துவான், அது அவன் கையிலிருந்து வருவது. கல்யாணமான பிறகும் வருவான். இந்த அளவுக்கு இறங்கி என் மனம் கணக்குப் போட்டது, ஒரு தடவை அல்ல, மூன்று ஸ்டாப் தாண்டும் வரை. அவன் செய்ததைவிட இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நல்லூரில் இறங்கி, பஸ் போன பிறகு அங்கேயே நின்று வேல்குமாருக்குப் பதில் அடித்தேன். 'வேற ஆளப் பாத்துக்குங்க.' அனுப்பிய பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். அவன் சொல்லி வேல்குமாரிடமிருந்து இன்னொரு செய்தி வருமோ என்று.

வரவில்லை. வீட்டுக்கு நடந்தேன்.