கைக்குப் பின்னால் ஒரு ராணி

ஊசிக்குப் பயந்து தையல்காரியின் மகள் வாலு ஆஸ்பத்திரிக் கூடமே அதிர அழுதாள். பக்கத்து நாற்காலிக்காரருக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே மனைவிக்குப் பிரசவ வலி, முதல் பிள்ளை என்று சற்றுமுன் தையல்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தவர், சட்டைப் பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தார்.

"ஒண்ணு எடு பாப்பா. என்ன அது?"

"ராணி."

வாங்கிக் கையை ஒரு வீசு வீசினார். ராணியைக் காணோம். விரல்களுக்குப் பின்பக்கம் சீட்டை இடுக்கிக்கொள்வதுதான் வித்தை. எதிரில் இருப்பவர்களுக்கு வெறுங்கைதான் தெரியும்.

"எங்க போச்சு?" வாலுவின் அழுகை நின்றிருந்தது.

"நீதான் தேடிக் கண்டுபிடிக்கணும்."

அப்பாடா என்று தையல்காரி எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போனாள். திரும்பி வந்தால் மகளின் நாற்காலி காலி.

காலையில் கைப்பேசிக்கு வந்த செய்தி நெஞ்சில் இடித்தது. பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறதாம், உஷாராம். எழுதியது யாரென்று தெரியாது. தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் அவளும் அதை அனுப்பி வைத்திருந்தாள்.

"ஐயோ, என் பிள்ளையைக் காணோம். இவன்தான், இவனைப் பிடிங்க."

அவ்வளவுதான். அதுவரை முனகிக்கொண்டிருந்த நோயாளிகளுக்கெல்லாம் எங்கிருந்தோ தெம்பு வந்துவிட்டது. "பாப்பா இங்கதான்..." என்று அவர் வாயெடுத்தார். வாயிலேயே குத்து விழுந்தது. தையல்காரியும் பாட்டிலை ஓங்கி முகத்தில் அடித்தாள். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

"கையில என்னடா, மயக்க மருந்தா? காட்டுடா."

பயத்தில் கை தனக்குப் பழகியதைத்தான் செய்தது. வெறுங்கையை விரித்துக் காட்டினார். ஒருவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருகியதும் பின்பக்கத்திலிருந்து ராணி நழுவி விழுந்தது.

"பாத்தீங்களா, கண்ணு முன்னாடியே மறைக்கிறான். பிள்ளையை மறைக்க இவனுக்கு எவ்வளவு நேரமாகும்?"

சொன்னவனுக்கும் அது கிறுக்குத்தனமாகப் படவில்லை, கேட்டவர்களுக்கும் படவில்லை. அவரைக் கீழே தள்ளி, கையைத் தரையில் வைத்து, பூட்ஸ் காலால் ஏறி மிதித்தார்கள். விரல்கள் முறியும் சத்தம் தையல்காரிக்கு நன்றாகவே கேட்டது.

"அம்மா..."

நாற்காலி வரிசையின் கடைசியில், அடியிலிருந்து வாலு தவழ்ந்து வந்தாள். சீட்டைத் தேடிப் போனவள், சத்தத்துக்குப் பயந்து அங்கேயே ஒடுங்கியிருந்திருக்கிறாள். "அந்த மாமாவை ஏன் அடிக்கிறீங்க? அது என் ராணிம்மா."

கூட்டம் கலைந்தது. அடித்தவர்கள் அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்து மறுபடியும் நோயாளிகள் ஆனார்கள். தையல்காரி மட்டும் அவர் பக்கத்திலேயே நின்றாள்.

அப்போதுதான் பிரசவ அறைக் கதவு திறந்தது. துணியில் சுற்றிய குழந்தையோடு நர்ஸ் வெளியே வந்தாள். "பொண்ணு பொறந்திருக்கு. அப்பா யாருங்க? வந்து வாங்கிக்கங்க."

தரையில் கிடந்தவர் இரண்டு கையையும் தூக்கினார். வலது கை விரல்கள் ஆளுக்கொரு பக்கமாகத் தொங்கின. மெதுவாகக் கையை இறக்கிக்கொண்டார். "கொஞ்சம் குனிஞ்சு காட்டுங்க சிஸ்டர். பாத்துக்கிறேன்."

தையல்காரியின் கையிலிருந்து பாட்டில் விழுந்தது.

"டாக்டரைக் கூப்பிடுங்க சிஸ்டர். போலீஸையும் கூப்பிடுங்க, நான் எங்கயும் போகல. எவனோ எழுதினதை நம்பி ஊருக்கெல்லாம் அனுப்பினேன். ஆனா நாற்காலிக்கு அடியில ஒரு தடவ குனிஞ்சு பாக்கல. விசாரிக்காம ஓங்குற கை, ஏதாவது ஒரு பிள்ளையோட அப்பன் மேலதான் விழும்."

உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரும் தலை நிமிரவில்லை.