ஐந்து விரற்கடை

பெட்டியில் துணிமணி கால் பங்குதான். மீதியெல்லாம் அளவு நாடா, தூரிகைகள், முழங்காலுக்குக் கட்டும் பஞ்சுப் பட்டை, கொத்தனார் கையில் இருப்பதைவிடச் சின்னதாக, பிடி தேய்ந்த ஒரு கரணை.

“மூவாயிரம் வருஷமா படுத்துக் கிடக்கிறவங்க, நீ போகலேன்னா எழுந்தா ஓடிடப் போறாங்க?” என்றான் கணவன், மூடாத பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு.

“அவங்க ஓட மாட்டாங்க. நான்தான் மூணு வருஷமா ஓடிட்டிருக்கேன்.”

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். கடல் தாண்டி இருக்கும் அந்த அகழாய்வுக் குழியில் அவளுக்கு ‘அளவுக்காரி’ என்று பெயர். குழியின் மூலையில் ஓர் இரும்பு முளை அடித்திருக்கும். ஓடு கிடைத்தாலும் எலும்பு கிடைத்தாலும், முளையின் தலைமட்டத்துக்கு நூல் பிடித்து, அதற்குக் கீழே எவ்வளவு ஆழம் என்று சீட்டில் எழுத வேண்டும். அங்கே முளைதான் சாமி. சாமி அசைந்தால் கணக்கெல்லாம் அம்போ.

மூன்று வருஷத்துக்கு முன், ஏழு மாத வயிற்றோடு, வீடு திரும்ப ஒரு நாள் இருக்கையில் அவள் கால் பட்டு முளை சாய்ந்துவிட்டது. பக்கத்தில் யாருமில்லை. பதற்றத்தில் நிமிர்த்திச் சுத்தியலால் அடித்தாள். நின்று பார்த்தால், முன்பிருந்ததைவிட ஐந்து விரற்கடை இறங்கியிருந்தது. வீட்டுக்குப் போய்ப் பேராசிரியைக்கு எழுதித் தெரிவிக்கலாம் என்று விமானம் ஏறினாள். மகள் நாள் முந்திப் பிறந்தாள். பால், தூக்கமின்மை, காய்ச்சல். பிறகு சொல்ல வெட்கம்; வெட்கம் முற்றிப் பயமாயிற்று.

சொல்லாமல் விட்டது அங்கே குட்டி போட்டது. அவள் இருந்தபோது ஒரு பழைய வீட்டுத் தரையில் பாதியைத் தோண்டி எடுத்திருந்தார்கள். மறுபாதியை அவள் போனபின் தோண்டினார்கள். இறங்கிய முளையிலிருந்து அளந்ததால் ஆழம் குறைந்து, அந்தப் பாதி ஐந்து விரற்கடை உயரமாய் வந்தது. குழியை நடத்தும் பேராசிரியை, இவளைவிடப் பத்து வயது மூத்தவள், அதைப் பார்த்துப் பூரித்துப் போனாள். ‘ஈரம் படாமல் குழந்தையைப் படுக்கவைக்க மேடை எழுப்பியிருக்கிறார்கள்’ என்று ஒரு கட்டுரையே எழுதி, “நீயும் வா, சேர்ந்து முடிப்போம்” என்று இவளுக்கு அனுப்பினாள். படித்த அன்று அளவுக்காரிக்குச் சோறு இறங்கவில்லை.

போய் இறங்கியதும் பேராசிரியை கட்டிக்கொண்டாள். “முதல்ல பொண்ணு படத்தைக் காட்டுடி. அட, உன் மூக்கேதான்! பாவம்.”

அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் காலை குழிக்குள் இறங்கியதும், முளையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

 பேராசிரியை குழிக்கு நடுவே தோண்டாமல் விட்டிருந்த மண்சுவரிடம் போனாள். காயாமலிருக்க அதன்மேல் போட்டிருந்த சாக்கை இழுத்தாள். பழைய தரை அந்தச் சுவரில் வெள்ளைக் கோடாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடியது. ஏற்றமில்லை, இறக்கமில்லை. நூல் பிடித்தாற்போல நேர்.

“மேடையே இல்ல,” என்றபடி கவிழ்த்து வைத்த மண்கூடைமேல் உட்கார்ந்தாள். “என் கண்ணு முன்னாடியே இருந்திருக்கு. ஏன்டி சொல்லல?”

“பயம்.”

“இப்ப பயமில்லையா?”

“இப்பவும்தான். ஆனா நீங்க அந்த மேடையில ஒரு குழந்தையைப் படுக்க வெச்சுட்டீங்க. அதுக்கு மேல தாங்கல. இன்னைக்கே கிளம்பச் சொன்னாலும் கிளம்பிடறேன்.”

“கிளம்புவியா? நல்லாருக்கே! பாத்திரத்தைப் போட்டு உடைச்சவ விளக்குமாறையும் தூக்கிட்டுப் போவாளாம்.” கோபத்தில் சொல்கிறாளா அழுகையிலா என்று அளவுக்காரிக்குப் பிடிபடவில்லை. “நீ போனப்புறம் எழுதினது ஆயிரத்து நூறு சீட்டு. ஒவ்வொண்ணுலயும் பழைய அளவை ஒரே கோடா அடிச்சு, பக்கத்துல சரியானதை எழுதி, உன் கையெழுத்தைப் போடு. இந்தத் தடவை நீ கரணையைத் தொடக் கூடாது.”

தோண்டத்தான் கடல் தாண்டி வந்தாள். ஆனாலும், இருக்கச் சொல்லிவிட்டாளே என்று அவளுக்குக் கண் நிறைந்தது.

ஓடுகள் அடுக்கிய அறையில் நாலு நாளாகச் சீட்டு எழுதினாள். குழி வேலையாட்களின் மேஸ்திரி எட்டிப் பார்த்து, “என்னம்மா அளவுக்காரி, பள்ளிக்கூடத்துல வீட்டுப்பாடமா?” என்று கேட்டுப் போனார். அந்த நாலு நாளும் பேராசிரியை வேலை தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐந்தாம் நாள் மதியம் அவளே வந்து, எதிரே நாற்காலி போட்டு, மீதிச் சீட்டுகளில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“நான் எழுதறேன் மேடம். என் தப்பு.”

“கையெழுத்து நீ போடு. கூட்டலை நான் போடறேன்.” பத்துப் பதினைந்து சீட்டு போனது. “அப்ப அந்தக் குழந்தையை எங்கதான் படுக்க வெச்சிருப்பாங்க?”

“தரையிலதான். நடுவுல. என் பொண்ணு அப்படித்தான் தூங்குவா, ரெண்டு பக்கமும் ஆள் இருந்தாத்தான்.”

“இதைக் கட்டுரையில எழுத முடியாதுடி. ஆதாரம் இல்ல.”

“எழுதாதீங்க.”

பேராசிரியை பேனாவை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். “நடுவுல,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு அடுத்த சீட்டை எடுத்தாள்.