மத்தியானம் விடிகிற வீடு

பொரித்து ஒரு வாரம்கூட ஆகாத கோழிக்குஞ்சு ஒன்று கீச்சென்று கத்தியதும், கிடங்குக் காவல்காரர் வீட்டுக்குள் மட்டும் மத்தியானம் இரண்டு மணிக்குப் பொழுது விடிந்தது. தெருவில் வெயில் வழக்கம்போலக் காய்ந்தது. உள்ளே, தடித்த திரை போட்டு இருட்டாக்கியிருந்த படுக்கையறைச் சுவர் சாம்பல் நிறமாகி, பிறகு சிவந்தது. குளிர்காற்றும் கொஞ்சம் பனியும் வந்தன. காவல்காரர் ராத்திரி வேலை முடிந்தது என்று எழுந்து செருப்பைத் தேடினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் பகலில் இரண்டு முறை விடியும், சில நாள் மூன்று முறை. மனிதருக்குக் கண் எரிந்தது, தலை கிறுகிறுத்தது.

அவர் மனைவி தையல்காரி. கல்யாணமான நாள் முதல் அவருக்கு இரவு வேலை, பகல் தூக்கம். அவர் தூக்கம் கலையக்கூடாதென்று மிஷினைப் பூப்போல மிதித்து, வாயை மூடிக்கொண்டு வாழ்ந்தவள். ஒரே வீட்டில் இருந்தும் இருவரும் முகம் பார்த்தது வாசலில்தான். இப்போதோ விடிந்ததும் அவர் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார், கிடங்கு எலிகளைத் திட்டிக்கொண்டே குடித்தார். அந்தத் திட்டைக் கேட்க அவளுக்கு அப்படியொரு ஆனந்தம். இது பறிபோய்விடுமோ என்கிற பயமும் அன்றே பிடித்துக்கொண்டது.

காரணம், மாடியிலிருந்த வீட்டுக்காரம்மா. பெட்டை வளர்க்கலாம், சேவல் மட்டும் கூடவே கூடாது, சேவலென்று தெரிந்தால் நேராகக் கறிக்கடைதான் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கூடப் பொரித்த மற்ற மூன்று குஞ்சுகள் சாதுவாக இருந்தன. இதற்கு ஓரிடத்தில் கால் நிற்காது. பட்டனையெல்லாம் கொத்தும், நூல் நுனியைப் புழுவென்று இழுத்துக்கொண்டு ஓடும், ஓடும்போதே தூங்கி விழும், விழுந்த இடத்தில் விழித்துக்கொண்டு கத்தும். உடனே விடிந்து தொலைக்கும்.

தெருவே துப்பறியக் கிளம்பியது. முடிதிருத்துகிறவர் மல்லாக்கப் பிடித்துப் பார்த்தார். காலை உதறியது, சேவல் என்றார். மறுநாள் உதறவில்லை, பெட்டை என்றார், முந்தின நாள் சொன்னது யாரோ என்பதுபோல. காவல்காரர் பருந்து வருவதுபோல் கூரைக்குத் துண்டை வீசினார். மற்றவை பதுங்கின, இது மட்டும் நெஞ்சை நிமிர்த்தி, விழுந்த துண்டை விசாரிப்பதுபோல் பார்த்தது. சேவலேதான், இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். தையல்காரிக்குச் சோறு இறங்கவில்லை. கொண்டை சிவக்கத் தொடங்கியதும் ஒரு குட்டித் தொப்பி தைத்து மாட்டிவிட்டாள். விடியற்காலைக் குளிர் அதற்கு ஆகாதாம்.

மாதங்கள் ஓடின, தொப்பி மூன்று முறை பெரிதானது. ஒரு மத்தியானம் வீட்டுக்காரம்மாவே இறங்கி வந்தார். நேரம் பார்த்து அது மிஷின்மேல் ஏறிக் கழுத்தை நீட்டிக் கூவியது, சந்தேகத்துக்கே இடமில்லாமல். தொப்பி தெறித்து விழுந்தது. வீட்டுக்காரம்மாவின் கண்ணாடி பனியில் மங்கும் அளவுக்கு விடிந்தது. தையல்காரி அவசரமாகத் தொப்பியைப் பொறுக்கினாள். வீட்டுக்காரம்மா அவளைக் கேட்கவில்லை. தூக்கம் போனவர் பொய் சொல்லமாட்டார் என்று காவல்காரரைப் பார்த்தார்.

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். இத்தனை வெளிச்சத்தில் அதைச் சரியாகப் பார்த்தது அன்றுதான் என்று பிற்பாடு சொன்னார்.

"பெட்டைதாங்க," என்றார். "தொண்டைதான் கொஞ்சம் பெருசு."

"அப்போ முட்டை?"

"அது மனசு வைக்கணும்ல."

வீட்டுக்காரம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சுவரில் ஏறும் சிவப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, தனக்கும் ஒரு டீ கிடைக்குமா என்று கேட்டார்.

வருடங்கள் ஆகிவிட்டன. தெருவில் எல்லாரும் அதைப் பெட்டை என்றுதான் சொல்கிறார்கள். இன்னும் முட்டை வைக்கவில்லையா என்று யாராவது கேட்டால் அடுத்த மாதம் வைக்கும் என்கிறார் காவல்காரர், தையல்காரியும் ஆமாம் என்கிறாள்.