மகளுக்குப் பதிலாக நடந்தவள்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் சொன்னது நானில்லை என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன்; பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

'பத்து வயதில் எழுபது கிலோ இருந்த அந்தச் சிறுமி' – வேண்டாம். குழந்தையை எடை போட்டுக்கொண்டே கதைக்குள் அழைத்துவர எனக்கு மனமில்லை.

வீட்டில் அவள் பொம்மி. ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டிருந்தது. ரத்த அழுத்தமும் வயதுக்கு மீறியிருந்தது. மருத்துவமனையில் அடிகளை எண்ணும் கைப்பட்டை ஒன்றைக் கொடுத்து, பன்னிரண்டு வாரம் தினமும் வேகமாக நடக்கச் சொன்னார்கள். முதல் நாளே தெருப்பிள்ளைகள் சிரித்தார்கள். பொம்மி கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. பட்டையைத் தன் கையில் கட்டிக்கொண்டு, மகளுக்குப் பதிலாகத் தானே நடந்தாள்.

(இவளை நல்லவளாக எழுதவா, அசடாக எழுதவா? பாசம் கண்ணை மறைக்கும் என்பார்கள். இவளுக்கு எண்பத்து நான்கு நாள் மறைத்தது.)

3

பன்னிரண்டு வாரம் முடிந்ததும், பட்டையின் பதிவைப் பார்த்த மருத்துவமனைப் பயிற்சியாளருக்கு வாயெல்லாம் பல்.

"ஒரு நாள்கூட விடலையே! இனி வேகத்தைக் கூட்டலாம்."

பொம்மியின் மார்பில் கம்பிகளை ஒட்டி, ட்ரெட்மில்லில் ஏற்றினார். அம்மா நாற்காலி நுனியில் இருந்தாள். இப்போதே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால், பழக்கமே இல்லாத அந்தச் சின்ன இதயம்...

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

4

நான் நினைத்திருந்த முடிவு: பொம்மிக்கு இரண்டே நிமிடத்தில் மூச்சு வாங்கும், அம்மா எழுந்து உண்மையைச் சொல்வாள், எல்லாம் சுபம். எழுத உட்கார்ந்தால் பொம்மி நிற்கவில்லை. வியர்க்கவும் இல்லை. திரையில் நாடித்துடிப்பு எழுபத்திரண்டிலேயே நின்றது.

"அம்மா, எனக்கு ஒண்ணுமே ஆகல! இன்னும் வேகமா வைக்கச் சொல்லும்மா!"

உட்கார்ந்திருந்த அம்மாவுக்குத்தான் மார்பு படபடத்தது. நெற்றி நனைந்தது. அசையாத கால்களில் ஆடுசதை இழுத்தது. பயிற்சியாளர் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அவளுக்கு மூச்சு முட்டியது. இதை நான் யோசித்து வைக்கவில்லை. அதனால்தான் எனக்கே பயமாக இருக்கிறது.

5

மாற்று முடிவு: மின்சாரம் போகிறது. (கோழைத்தனம்.) இன்னொன்று: பயிற்சியாளர் திரும்பி அம்மாவைப் பார்க்கிறார். எத்தனை முறை எழுதினாலும் பார்க்க மாட்டேன் என்கிறார். கண் திரையிலேயே இருக்கிறது.

"இன்னும் ஒரு லெவல் போலாமா, கண்ணு?"

"போலாம் அங்கிள்!"

அம்மா வாயைத் திறக்கிறாள். 'நிறுத்துங்க, நடந்தது நான்.' மூன்றே சொல். அதற்கும் மூச்சில்லை. எழுதுகிற எனக்கும் இல்லை. அடுத்த அறையில் என் மகள் ட்ரெட்மில்லில் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

அவர் விரல் பொத்தான்மேல் இருக்கிறது. உங்களுக்கு மூச்சு மிச்சமிருந்தால், நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் உரக்க.