வெளியூர் போய்வரும் கதவு

ஓய்வுபெற்ற கண்டக்டர் வீட்டின் முன்கதவு, வியாழக்கிழமை தோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் கீலிலிருந்து கழன்று வெளியே கிளம்பும். இருட்டுவதற்குள் திரும்பி வந்து மாட்டிக்கொள்ளும். மூன்று வருடங்களாக இப்படித்தான் நடக்கிறது. தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சைக்கிள்காரர்கள் மணியடித்துவிட்டு ஒதுங்கி வழிவிடுவார்கள். மழை நாளில் மட்டும் நனைந்து, ஊதிப்போய் வரும். நிலையில் பொருந்தாமல் முனகும். கண்டக்டருக்குத்தான் பொறுக்கவில்லை. டிக்கெட் எடுக்காமல் ஒரு சாமான் ஊர்விட்டு ஊர் போய்வருவதை அவர் எப்படிச் சகிப்பார்? அதிலும் அது கிளம்பும் நேரம் பார்த்துத்தான் அவருக்கு உண்ட மயக்கம் வரும். வீடு திறந்து கிடக்க, நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

கதவு போக ஆரம்பித்தது, மகள் வீட்டைவிட்டுப் போன அந்த வாரத்திலிருந்து. இதை அவர் யாரிடமும் சொல்வதில்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் டிரைவர்களோடு மல்லுக்கு நின்றவர். சீக்கிரம் விசில் கொடுத்தால் ஒரு சண்டை, தாமதமாகக் கொடுத்தால் ஒரு சண்டை. பெற்ற மகளோ ஒரு டிரைவரையே கட்டிக்கொண்டாள். "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதே" என்று சொல்லிவிட்டார். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள், அவளும் மிதிக்கவில்லை. சொன்ன சொல்லை விழுங்க இவருக்கும் தொண்டை இடம் கொடுக்கவில்லை. அவளைப் பார்க்காமல் மனிதர் பாதியாக இளைத்துப்போனதென்னவோ உண்மை.

பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்த பிறகு, மனைவியை அழைத்துக்கொண்டு, திருடன் வந்தால் கத்தும் சென்சார் விற்கிற கடைக்குப் போனார். கடைக்காரர் பொறுமைசாலி. கண்ணாடி உடைந்தால் கத்துவது, ஜன்னல் நகர்ந்தால் கத்துவது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கதவுக்கென்று எல்லோரும் வாங்குவது காந்த வகை: ஒரு துண்டு கதவில், ஒரு துண்டு நிலையில், இரண்டும் பிரிந்தால் கத்தும்.

"உங்க கதவுக்கு அது சரிப்படாதுங்க. வெளியூர் போயிட்டு வர்ற வரைக்கும் கத்திக்கிட்டே இருக்கும்," என்றார் கடைக்காரர். "இதைப் பாருங்க. கதவுல மட்டும் ஒட்டுனா போதும். நடந்தா கத்தாது. எந்த ஊர்ல இருந்தாலும் சரி, யாராவது திறந்தா உங்க ஹால்ல சைரன் அடிக்கும்."

"கதவுக்கு எதுக்குங்க? ஜன்னலுக்கு மட்டும் வாங்குங்க," என்றாள் மனைவி அவசரமாக.

"ஏன், திருடன் கதவு வழியா வரமாட்டானா?"

"அப்ப சத்தம் கம்மியா இருக்கறதாப் பாருங்க. நீங்க தூங்கற நேரம்."

அவரா கேட்பார்? ஊரையே எழுப்புகிற சைரனாகப் பார்த்து வாங்கினார்.

அடுத்த வியாழக்கிழமை கதவு சென்சாரோடு கிளம்பிப் போனது. அவர் தூங்கிப்போனார். சிறிது நேரத்தில் சைரன் அலறியது. வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து பார்த்தால், நிலைக்கு அப்பால் தெருவைக் காணோம். யாருடைய அறையோ இருந்தது: ஆணியில் டிரைவர் சட்டை, அடுப்பில் பால். வாசற்படிக்கு அந்தப் பக்கம், தன் ஊருக்கு வந்து சேர்ந்த இந்தக் கதவைத் திறந்து பிடித்தபடி மகள் நின்றாள். இந்தப் பக்கம் முக்காலி போட்டு, அவளுக்குத் தலைவாரிவிடச் சீப்பும் கையுமாக மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்று மனைவியைக் கேட்டார்.

"உங்களத் தவிர எல்லாருக்கும் தெரியும்."

சைரனுக்குப் பயந்தோ அப்பாவுக்குப் பயந்தோ, மகள் கதவைச் சாத்தப் போனாள். சாத்தினால் போயிற்று. இனி இந்தக் கதவைத் திறக்க அவள் துணியமாட்டாள். அவர் என்னென்னவோ சொல்ல நினைத்தார். கடைசியில், காலமெல்லாம் பஸ்ஸில் கத்திய அதே குரல்தான் தானாகக் கிளம்பியது.

"படியில நிக்காதம்மா! உள்ள வா, உள்ள வா, எடம் இருக்கு!"

மகள் அழுதுகொண்டே உள்ளே வந்தாள். மருமகன் அடுத்த வாரம் வந்தான். மாமனாரும் அவனும் முதல் நாளே விசில் விஷயத்தில் சண்டை போட்டுக்கொண்டார்கள். கதவு இன்றும் வியாழக்கிழமை போகிறது. சைரன் அடித்தால், "பொண்ணு வந்தாச்சு" என்று சொல்லிவிட்டுத் தெருவில் அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள்.